மூன்று மணி விழிப்பு: பென்னாகரம் பக்கம் உடல்நோவாக வந்த ஒரு மனச்சோர்வு

இந்த ஆய்வில் வரும் பெண் ஒரே ஒருவர் அல்லர். தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் மனநலச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற கூறுகளைக் கோத்து அமைத்த நிகழ்வு இது. ஊர், குடும்பம், தொழில் விவரம் எதுவும் எந்தத் தனி மனிதரையும் சுட்டாது. மருந்தின் அளவுகள் ஏன் அப்படித் தீர்மானிக்கப்பட்டன என்பதை விளக்கவே அவை தரப்பட்டுள்ளன. படித்துவிட்டுத் தானே வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல.

வந்த நிலை

வயது 42. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. ஒன்றேகால் ஏக்கர் மல்பெரி, வீட்டை ஒட்டி ஒரு பட்டுப்புழு வளர்ப்புக் கொட்டகை. கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். மகள் தர்மபுரியில் கல்லூரி, மகன் பிளஸ் ஒன். வீட்டில் மாமியார், அவருக்கு ரத்த அழுத்தம்.

தொல்லை தொடங்கிப் பதினான்கு மாதம். முதலில் பிடரி நோவு, பிறகு கை கால் எரிச்சல், அடுத்து வயிற்றில் எரிச்சலும் நெஞ்சில் பாரமும். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழையபடி. வலி மாத்திரையாக டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு பான்டோப்ரசோல், சத்து மாத்திரை. சேலம் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்ததில் ஒன்றுமில்லை. இரண்டு முறை இ.சி.ஜி., அதிலும் ஒன்றுமில்லை. "காத்து பட்டிருக்குது" என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்த வாரம் தூக்கம் கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் போயிற்று.

தூக்கம் வரவில்லை என்று சொன்னபோது ஒரு மருந்துக் கடையில் அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை 0.25 மி.கி. கொடுத்தார்கள். முதல் வாரம் நன்றாகத் தூங்கினார். இரண்டு மாதத்தில் அது போதாமல் இரவில் 0.5 ஆயிற்று. பிறகு காலையில் கை நடுங்குகிறது என்று காலையிலும் ஒரு 0.25. அந்த நடுக்கம் நோயால் வந்ததல்ல. ராத்திரி மாத்திரை இறங்கியதால் வந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எங்களிடம் வந்தபோது ஒரு நாளைக்கு மொத்தம் 0.75 மி.கி., ஐந்து மாதமாக.

பதினான்கு மாதத்தில் அவரைப் பார்த்த ஒவ்வொருவரும் அவர் தொட்டுக்காட்டிய இடத்துக்கு மருந்து கொடுத்தார்கள். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யார் கண்டுபிடித்தது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர், அதே ஊர்ப் பெண். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்காக வீடு தேடிப் போகிற ஆளின் கண்ணில் மனநோயும் படும் என்பதற்கு இந்த நிகழ்வு ஒரு சான்று.

மாமியாரின் அட்டையில் மாத்திரை மிச்சம் இருந்தது. "ஏக்கா, நீதான எண்ணி எண்ணிக் குடுப்ப, இப்ப ஏன் ஒம்போது மாத்திர மீந்திருக்குது?" என்று தன்னார்வலர் கேட்டார். பதில் வரவில்லை, அழுகை வந்தது. கவனம் சிதறியிருப்பதை அந்த அட்டைதான் முதலில் காட்டியது. தன்னார்வலர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இரண்டு கேள்விகளைக் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு 5.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளில் அவரை அழைத்துப்போனார்கள். மகள் உடன் வந்தார். "மனநலம்" என்ற பலகையைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்; பெண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே என்பதுதான் முதல் பயம். அதற்கு நேரான பதில் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. அவசரநிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. இதை வாய்மொழியாக, குடும்பத்தாரின் முன்னால், முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

கேள்விகளை எப்படிக் கேட்டது

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் பயன்படுத்தப்பட்டது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம், 15 முதல் 19 வரை மிதமானதைத் தாண்டியது, 20 அல்லது அதற்கு மேல் தீவிரம். படிவத்தை அச்சடித்த தமிழில் அப்படியே வாசித்தால் இந்தப் பகுதியில் பாதிப் பேர் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். "ஆர்வம் குறைந்துள்ளதா" என்பது அவர்களுடைய பேச்சு அல்ல.

எனவே முதல் கேள்வி இப்படிக் கேட்கப்பட்டது: "புழுவுக்குத் தழை போடறது, தலைவாரிப் பூ வெக்கறது, அக்கம்பக்கத்துல உக்காந்து பேசறது, இதெல்லாம் முன்ன மாதிரி செய்யத் தோணுதாம்மா?" அவர் சொன்ன பதிலில் நோயின் எடை முழுவதும் இருந்தது. பட்டுப்புழு பொரிந்து கூடு கட்ட ஏறக்குறைய 24 முதல் 28 நாள் ஆகும். நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு வரும் கடைசி ஏழெட்டு நாளில்தான் புழு மொத்தத் தழையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தின்னும். இரவிலும் தழை போட வேண்டும். போன இரண்டு பட்டத்திலும் (ஒரு தடவைப் புழு வளர்ப்பு ஒரு பட்டம்) அந்தக் கடைசி வாரத்தில் அவர் எழவே இல்லை. கொழுந்தன் பெண்டாட்டி வந்து பார்த்த அளவுக்குப் பார்த்தார். பாதிப் புழு கூடு கட்டாமல் போயிற்று. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை, குழுக்கடன் தவணை நின்றது. ஊரில் அவரைச் சோம்பேறி என்றார்கள். அவரும் அதை நம்பிவிட்டார்.

புழு கெட்டதால்தான் மனசு கெட்டது என்று குடும்பம் சொன்னது. வரிசைப்படுத்திக் கேட்டபோது கதை திரும்பியது. அவருடைய அம்மா இறந்தது பதினாறு மாதம் முன்பு. அதற்கு இரண்டு மாதம் கழித்துத் தூக்கம் கெட்டது. புழு கெட்டது அதற்கும் பிறகு. தேதி வரிசையைக் கேட்காமல் "பணக்கஷ்டம்தான் காரணம்" என்று எழுதியிருந்தால் சிகிச்சை தப்பியிருக்கும்.

தூக்கம்: ஒன்பது மணிக்குப் படுத்தால் மாத்திரையால் கண் அயரும், மூன்று மணிக்கு விழிப்பு. பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்தபடி. காலையில் கனம் அதிகம், சாயங்காலம் கொஞ்சம் லேசு. அதிகாலை விழிப்பும் காலையில் கூடி மாலையில் குறையும் பாரமும் சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வை வலுவாகச் சுட்டும். சாப்பாடு: களியை உருட்டினால் தொண்டையில் இறங்கவில்லை. எடை 54 கிலோவிலிருந்து 47.

ஒன்பதாம் கேள்வியைக் கடைசியில், மகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் மருத்துவர்களிடமே உண்டு. அது தவறு, கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது. படிப்படியாகக் கேட்க வேண்டும்.

"இப்படி இருக்கறதுக்கு இல்லாமலே போயிடலாம்னு தோணுதாம்மா?"

"விடிஞ்சா எந்திரிக்கவே கூடாதுன்னு இருக்குதுங்க."

"எப்படின்னு யோசிச்சதுண்டா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கொட்டாயில மருந்து பாட்டில் இருக்குது. ரெண்டு தடவ கையில எடுத்தேன்."

"எது தடுத்துச்சு?"

"பொண்ணு கண்ணு முன்னால வந்தா."

மொத்த மதிப்பெண் 19.

வேறு என்னவாக இருக்கலாம்

ஹீமோகுளோபின் 9.4. தைராய்டுக்கான டி.எஸ்.எச். 5.8, சற்றே கூடுதல். சர்க்கரை சரி. ரத்தசோகை அசதியைக் கூட்டும், ஆனால் மூன்று மணிக்கு எழுப்பாது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. டி.எஸ்.எச். அளவு மட்டும் இவ்வளவு நிலைமையை விளக்காது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க முடிவானது, பார்த்தபோது 4.1.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் விட்டுவிடக் கூடாத ஒரு கேள்வி உண்டு. எப்போதாவது பல நாள் தொடர்ந்து தூக்கமே குறைவாக இருந்தும் அலுப்பில்லாமல், பேச்சு வேகமாகி, கைமீறிச் செலவு செய்து, "இவளுக்கு என்ன ஆச்சு" என்று வீட்டார் கேட்கும் அளவுக்கு இருந்ததுண்டா? இருந்திருந்தால் அது சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சிக்குத் தள்ளிவிடும். இந்தக் கேள்வியை மகளிடமும் கணவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். இல்லை. காதில் குரல் கேட்பது, யாரோ செய்வினை செய்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, இரண்டும் இல்லை. கணவர் குடித்துவிட்டு அடிப்பாரா என்பதும் தனியாகவே கேட்கப்பட்டது. குடி உண்டு, அடி இல்லை.

முடிவு: மிதமானதைத் தாண்டிய மனச்சோர்வு, உடல் அறிகுறிகளுடன், அதன்மேல் அல்பிரசோலத்துக்குப் பழகிப்போன உடல்.

முதல் நாள் செய்தவை

மாத்திரைக்கு முன் பாட்டில். கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து அன்று மாலையே கொழுந்தன் வீட்டுக்குப் போனது, பூட்டும் சாவியும் அங்கேயே. பரணில் ஒளித்து வைப்பது காப்பு ஆகாது. வீட்டில் உள்ளவருக்கு வீட்டின் எல்லா இடமும் தெரியும். வேறு வீட்டில் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் சில நிமிடமோ சில மணியோதான். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் விஷம் இல்லையென்றால் அந்த நேரம் கடந்துபோகும். மாத்திரைகளும் ஒரு வாரத்துக்கு மட்டும், மகள் கையில். மகள் மூன்று வாரம் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வந்தாள். இரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்க 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் எழுதித் தரப்பட்டன, இரண்டும் கட்டணமில்லாதவை.

உள்நோயாளியாகச் சேர்க்கலாமா என்று பேசப்பட்டது. திட்டம் முற்றியிருந்தால், வீட்டில் துணை இல்லையென்றால், சாப்பாடும் தண்ணீரும் நின்றிருந்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். இங்கே துணை இருந்தது, பாட்டில் அகன்றது, மூன்றாம் நாளே மறுபடி வர ஒப்புக்கொண்டார். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கணவர் கேட்டார். பெங்களூர் பக்கம் என்பதால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எல்லாரும் கேட்கிற கேள்வி. சிக்கலான நோய்க்கு அது தேவைப்படும். ஆனால் இதுபோன்ற மனச்சோர்வுக்கு வேண்டியது முதல் இரண்டு மாதம் அடுத்தடுத்து யாராவது பார்ப்பது. ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு அவ்வளவு தூரம் மாதம் மூன்று தரம் போய்வர முடியாது. போகாமல் விட்டுவிடுவார்கள்.

மனச்சோர்வுக்கான மருந்து எஸ்சிடலோப்ராம்: முதல் ஏழு நாள் 5 மி.கி., பிறகு 10, காலைச் சாப்பாட்டுக்குப் பின். வலியும் தூக்கமின்மையும் இருப்பதால் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து பொருத்தமாகத் தோன்றலாம்; மலிவும்கூட. ஆனால் அது அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். பாட்டிலை இரண்டு முறை கையில் எடுத்தவர் வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பக் கூடாது. டைக்ளோஃபெனாக் அன்றே நிறுத்தப்பட்டது. எஸ்சிடலோப்ராம் வகை மருந்தும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும் அபாயம் கூடும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் 9.4. வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால்.

அல்பிரசோலத்தைத் தொடவில்லை. கெட்ட மாத்திரை என்று அன்றே பிடுங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமே இல்லாமை, சிலருக்கு வலிப்பு வரை போகும். சோர்வு இறங்கத் தொடங்கிய பிறகு குறைக்கலாம் என்று நான்கு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

ஐந்தாம் நாள்

ஏழாம் நாள் சமுதாய மனநலச் செவிலியர் போன் செய்தபோதுதான் தெரிந்தது: மாத்திரையை ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். குமட்டல், படபடப்பு முன்னைவிட அதிகம், "மாத்திர சூடு பண்ணுது". பக்கத்து வீட்டில், இந்த மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் பத்து நாளில் குமட்டல், தலைவலி, படபடப்பு கூடுதல் ஆகியவை வரலாம், வந்தால் இரண்டு வாரத்துக்குள் தணியும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதை முதல் நாள் ஒருமுறை சொன்னது போதவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவர் காதில் கால்வாசிதான் ஏறும். அதை மகளிடமும் சொல்லி, சீட்டிலும் எழுதியிருக்க வேண்டும். அந்த ஏழாம் நாள் போன் இல்லையென்றால் இந்தச் சிகிச்சை அங்கேயே முடிந்திருக்கும். மாத்திரையை மறுபடி 5 மி.கி.யில் தொடங்கி, பத்து நாள் கழித்து 10 ஆக்கினார்கள்.

பேச்சுச் சிகிச்சையாக ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணிக்கு மேல். மனசு சரியானால் வேலை செய்வேன் என்று காத்திருப்பதைத் தலைகீழாக்குவது இதன் உள்ளடக்கம்: சிறிதாகச் செய், நாட்டம் பின்னால் வரும். முதல் வாரம் காலையில் பதினைந்து நிமிடம் திண்ணையில் உட்கார்வது மட்டும். இரண்டாம் வாரம் இருபது நிமிடம் தழை பறிப்பது, முடிந்ததும் பத்துக்கு எத்தனை பாரம் குறைந்தது என்று நோட்டில் எண் போடுவது. பட்டம் எடுப்பது மூன்று மாதம் கொழுந்தன் பொறுப்பு. ஆலோசகர் முதலில் "காலையில் நடைப்பயிற்சி" என்று எழுதிக்கொடுத்திருந்தார். வயல்வேலை செய்கிற ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் ரோட்டில் நடந்தால் நாலு பேர் கேட்பார்கள், அது நடக்கவில்லை. தழை நடந்தது. ஒரு அமர்வு முழுக்கக் குழுக்கடனுக்கே போனது: தலைவியிடம் யார் பேசுவது, தவணையை எப்படிப் பிரிப்பது.

நான்காம் வாரம் மதிப்பெண் 14. ஆறாம் வாரம் 11. அசைவு உண்டு, போதவில்லை, 15 மி.கி. ஆக்கினார்கள். பத்தாம் வாரம் 6. பதினாறாம் வாரம் 3, எடை 51 கிலோ.

அல்பிரசோலம் நான்காம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125 மி.கி. வீதம் இறங்கியது; அதாவது 0.25 மாத்திரையில் பாதி. 0.75, 0.625, 0.5, 0.375, 0.25 வரை இப்படி. கடைசி இரண்டு படிக்கும் நான்கு நான்கு வாரம் கொடுக்கப்பட்டது, 0.25லிருந்து 0.125க்கு வருவது எண்ணில் சிறிது, உடலுக்குப் பாதிக்குப் பாதி. பதினெட்டாம் வாரம் முழுவதும் நின்றது. இந்த மருந்து, விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ள ஹெச்1 பட்டியலில் உள்ளது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த விதி கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் இந்தப் பதினான்கு வார வேலையே இருந்திருக்காது.

ஆடிப் பதினெட்டு

இருபத்து நான்காம் வாரம் ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு ஒகேனக்கல் போய் முழுகிவிட்டு வந்தார்கள். "நோவெல்லாம் ஆத்தோட போச்சு, இனி மாத்திர எதுக்கு" என்று மாமியார் அன்போடுதான் சொன்னார். 15 மி.கி. அன்றோடு நின்றது.

மூன்றாம் நாள் தலைச்சுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் சுளீர் சுளீர் என்று. எட்டு நாளில் அது போயிற்று. இது நோய் திரும்பியதல்ல, மருந்து திடீரென நின்றதன் விளைவு. சில நாளில் வரும், முன்பு இல்லாத புது உணர்வாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அடங்கியதும், மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஐந்தாம் வாரம் மூன்று மணி விழிப்பு திரும்பியது. ஏழாம் வாரம் மகள் அழைத்துவந்தபோது மதிப்பெண் 15.

எங்கள் மதிப்பீட்டில் இந்த நிகழ்வின் பெரிய தவறு இதுதான், அது மாமியாருடையது அல்ல. மதிப்பெண் 3க்கு வந்த நாளன்று, இது நோய் அடங்கிய நிலை, குணம் அல்ல, இன்னும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் இதே அளவு தொடர வேண்டும் என்று வீட்டாரை உட்காரவைத்துச் சொல்லவில்லை. "நல்லா இருக்கீங்கம்மா, தொடருங்க" என்றதோடு அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை மாமியார் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதை அவரிடமே எடுத்துச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்; ஆனால் இது ஆயுசுக்கும் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. எட்டிய சிலரையும் இப்படி நடுவில் இழக்கக் கூடாது.

மறுபடி 5, 10, 15. இந்த முறை பத்து வாரத்தில் மதிப்பெண் 4. மாமியாரும் ஒரு அமர்வுக்கு வந்தார். அதன்பின் மருமகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் வேலையாயிற்று.

ஒன்பது மாதம் தாண்டிய பிறகு குறைப்பு: நான்கு வாரம் 10 மி.கி., நான்கு வாரம் 5, பிறகு நிறுத்தம். குறைப்பு தொடங்க, கடன் தவணையும் பட்டத்தின் கடைசி வாரமும் இல்லாத மாதமாகப் பார்த்தார்கள். இன்னொரு முறை இந்த நோய் வந்தால் இரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டிவரும் என்பதும் சொல்லப்பட்டுள்ளது.

கடைசியாக வந்தது மருந்து நின்று ஆறாம் வாரம். மதிப்பெண் 2, எடை 53. அந்தப் பட்டத்தில் கடைசி வார இரவுத் தழையை அவரே போட்டிருக்கிறார். பூச்சிமருந்து இன்னும் கொழுந்தன் வீட்டில்தான் இருக்கிறது. சீட்டின் பின்பக்கத்தில் மகள் எழுதிவைத்திருக்கிறாள்: "அம்மா மூணு மணிக்கு முழிச்சா ரெண்டு வாரத்துக்கு மேல பாக்கக் கூடாது. கூட்டிட்டு வரணும்."